பாரிஸ் படத்துக்கு ரப்பர் போட்ட மாஸ்டர்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் இறங்கி நூர் நிஷா மாஸ்டர் பட்டறை எங்கே என்று கேட்டால், ஆட்டோக்காரனே மாடிப்படி வரைக்கும் கொண்டுவந்து விடுவான். மாடிப்படி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அது இரும்பு ஏணி. ஏறுகிற எல்லாரும் மேலே உத்தரத்தில் தலையை இடித்துக்கொள்வார்கள். இடித்ததும் "யம்மா" என்றால் தமிழ் ஆள், "ஆயிலா" என்றால் மராத்தி ஆள் என்று, திரும்பிப் பார்க்காமலே எந்த பாஷையில் வரவேற்பது என முடிவு செய்துகொள்வாள் நூர் நிஷா. உத்தரத்துக்குக் கொஞ்சம் பஞ்சு சுற்றி வைக்கலாமே என்று மகள் அஸ்ரின் நூறு தடவை சொல்லிவிட்டாள். பஞ்சு சுற்றினால் யார் வந்தது என்று எப்படித் தெரியும்?

நூர் நிஷாவுக்கு நாற்பத்தாறு வயது. வாப்பா ஹமீது திருநெல்வேலி மேலப்பாளையத்திலிருந்து வந்து தோல் பை தைத்தவர். ஆறாம் வகுப்போடு இவள் பள்ளிக்கூடத்தை விட்டாளா, பள்ளிக்கூடம் இவளை விட்டதா என்பதில் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. பதினான்கு வயதில் ஒரு கார்மெண்ட் பட்டறையில் தைத்த துணியில் தொங்கும் நூலை நறுக்குகிற வேலைக்குச் சேர்ந்தாள். பத்தொன்பது வயதில் ஒரு நாள் காலை, அங்கிருந்த கட்டிங் மாஸ்டர் டீயில் சர்க்கரை கம்மி என்று முதலாளியோடு சண்டை போட்டு, கத்திரியை மேசையில் எறிந்துவிட்டுப் போய்விட்டார். முந்நூறு ஃபிராக் மறுநாள் போயாக வேண்டும். நூர் நிஷா கத்திரியை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய முதலாளி சமாதானம் பேச மாஸ்டர் பின்னாலேயே ஓடிப்போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது நாற்பது ஃபிராக் வெட்டி அடுக்கியிருந்தது. ஒன்றுகூடக் கோணல் இல்லை.

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் மாஸ்டர். பிற்பாடு ஒருவன் "மாஸ்டரம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தான். அவனுக்கு அந்த வாரம் முழுக்கப் பட்டன் தைக்கிற வேலைதான் கிடைத்தது.

இப்போது சொந்தப் பட்டறை. ஆறு மிஷின். தைக்கிறவர்களில் கடையநல்லூர் ஷகீல் ஒருவன்தான் தமிழ். மற்ற ஐந்து பேரும் வடக்கே இருந்து வந்தவர்கள். ஒருவருக்குத் தெரிந்த எழுத்து இன்னொருவருக்குத் தெரியாது, ஒருவருக்கு எதுவுமே தெரியாது. அதனால் இந்தப் பட்டறையில் எதையும் எழுதி மாட்டுவதில்லை. படம்தான். வாடிக்கைக்காரர் கொண்டுவரும் படத்தின் மேலேயே நூர் நிஷா கை வைப்பாள். வருகிறவளுக்குத் தோள் அகலமா, படத்தில் இருப்பவளுக்கும் தோளை அகலமாக்குவாள். வருகிறவள் குட்டையா, படத்தில் இருப்பவளின் பாவாடையைக் குட்டையாக்குவாள். பிறகு படத்தைக் கிளிப் போட்டுக் கயிற்றில் மாட்டிவிட்டால், ஆறு பேரும் அண்ணாந்து பார்த்துத் தைத்துவிடுவார்கள். சினிமா நடிகைகள் அந்தக் கயிற்றில் கன்னாபின்னாவென்று எடை போட்டுத் தொங்குவார்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. பேனாவில் போட்ட கோடு பக்கா, அதைத் தொடக்கூடாது. பென்சிலில் போட்ட கோடு கச்சா, அது திருத்துவதற்காகவே போட்டது. இருபத்தேழு வருஷமாக இந்தச் சட்டம் ஒரு துணியைக்கூட வீணாக்கியதில்லை. வினை வந்தது மாட்டுங்காவிலிருந்து, அதுவும் குடை பிடித்துக்கொண்டு.

வாலாம்பாள் மாமி ஏணியேறி வந்த அன்று, தலை இடிபட்டதும் "ஓ மை காட்!" என்றாள். நூர் நிஷாவுக்கு எந்த பாஷை என்று பிடிபடவில்லை. திரும்பிப் பார்த்தாள். நூல் புடவை, தோளில் பை, மூக்கில் வைரப் பொட்டு. ஒரு மில்லின் தலைமை ஆபீஸில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவும் விட்டதில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தாள்.

உள்ளே ஒரு மஞ்சள் பூத்த காகிதம். பென்சிலில் வரைந்த ஒரு வெள்ளைக்காரி. முகத்துக்குக் கண் மூக்கு போட வரைந்தவனுக்குச் சோம்பல் போலிருக்கிறது. ஆனால் அவள் போட்டிருந்த உடையில் ஒரு மடிப்பைக்கூட அவன் விடவில்லை. தோளிலிருந்து தோளுக்கு ஓடுகிற கழுத்து, முழங்கையைத் தாண்டி நிற்கிற கை, இடுப்பில் இறுக்கிப் பிடித்து அங்கிருந்து குடைபோல விரிகிற பாவாடை. கீழே மைபட்ட கரப்பான் ஓடினாற்போல ஒரு கையெழுத்து.

"இதை எனக்குத் தைச்சுத் தரணும்" என்றாள் மாமி.

"ஒங்களுக்கா மாமி?"

"வேற யாருக்கு? அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கு எழுபது ஆறது. ஆபீஸ்ல என்னோட இருந்தவா நாலு பேர் சாப்பிட வரா. எல்லாரும் நான் பட்டுப் புடவையில வந்து நிப்பேன்னு நெனச்சிண்டிருக்கா. நெனைக்கட்டும்."

காகிதத்தின் கதையையும் மாமியே சொன்னாள். ஐம்பத்தைந்தாம் வருஷம் பாரிஸிலிருந்து ஒரு டிசைனர், மில்லின் 'வாயில்' என்கிற மெல்லிய பருத்தித் துணியைக் கேட்டு எழுதியபோது, அந்தத் துணியில் என்ன செய்யப்போகிறேன் பாருங்கள் என்று இதை வரைந்து அனுப்பினாராம். துணி போயிற்றா, உடை ஆயிற்றா, யாருக்கும் தெரியாது. ஆபீஸை மூடியபோது பழைய ஃபைல்களையெல்லாம் எடைக்குப் போட்டார்கள். மாமி மேனேஜரிடம் கேட்டு இதை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

"மாட்டுங்காவுல மூணு டெய்லர் முடியாதுன்னுட்டான். ஒருத்தன், 'இந்த வயசுல எதுக்கு மாமி'ன்னு இழுத்தான். பதில் சொல்லாம கொடையை எடுத்துண்டு வந்துட்டேன்."

நூர் நிஷா படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "பதினோரு பீஸ்" என்றாள். எந்த உடையைப் பார்த்தாலும் அது எத்தனை துண்டு என்று முதலில் சொல்லிவிடுவது அவள் வழக்கம். "தச்சிரலாம். படத்துக்கு ஒரு ஜெராக்ஸ் எடுக்கலியா?"

"எடுத்தேனே, பாதிக் கோடு விழல்லே. இதையே வெச்சுக்கோ. பத்திரம்."

பத்திரம் என்று எல்லாரும்தான் சொல்வார்கள். செல்போனில் பிடித்த படத்தைத் தெருமுனையில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவருகிறவளும் பத்திரம் என்றுதான் சொல்வாள். நூர் நிஷா அந்தச் சொல்லை ஒரு இருமலைப் போல எடுத்துக்கொண்டு, மாமிக்கு அளவெடுத்தாள்.

மறுநாள் புதன்கிழமை. மாமியின் இடுப்பு முப்பத்தாறு. படத்தில் இருப்பவளுக்கு இடுப்பு என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம். டீ கிளாஸின் அடிப்பாகம் போலிருந்தது. இதைக் கயிற்றில் மாட்டினால் ஆறு பேரும் அந்த டீ கிளாஸைப் பார்த்துத்தான் தைப்பார்கள், மாமிக்குத் தலைவழியே இறங்காது. நூர் நிஷா மேசை டிராயரைத் திறந்தாள். அஸ்ரின் சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவள். அவள் போட்டு வைத்திருந்த இளஞ்சிவப்பு ரப்பர் ஒன்று கிடைத்தது. பென்சில் கோடுதானே. இடுப்பை இரண்டு பக்கமும் அழித்தாள். தூளை ஊதினாள். இரண்டு விரல்கடை வெளியே தள்ளிப் புதுக் கோடு போட்டாள். பக்கத்தில் 36 என்று எழுதினாள்.

கயிற்றில் மாட்டியதும் ஷகீல் அண்ணாந்து பார்த்து, "பாருங்க மாஸ்டர், பாரிஸ்காரி தாராவிக்கு வந்த பொறவுதான் ரெண்டு வாய் சோறு தின்னிருக்கா" என்றான். பட்டறையே சிரித்தது. நூர் நிஷாவும் சிரித்தாள். அவள் அந்த வாரத்தில் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான் என்று அப்போது தெரியாது.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"நூர்நிஷா, நான் வாலாம்பாள் பேசறேன். ஒரு சந்தோஷமான சேதி" என்று ஆரம்பித்தாள் மாமி. அவள் ஆபீஸில் பியூனாக இருந்த மாரீஸ்வரன் என்பவரின் மகள் பூமாரி, ஒரு மியூசியத்தில் பழைய காகிதங்களைப் பார்த்துக்கொள்கிற பிரிவில் இருக்கிறாள். பிறந்தநாளுக்கு அப்பாவைக் கூப்பிடப் போன் செய்தபோது பேச்சுவாக்கில் படத்தை வரைந்தவர் பெயரை மாமி சொல்லியிருக்கிறாள். "பேரைக் கேட்டதும் அந்தப் பொண்ணு போன்லயே கத்தறா! அவர் கைப்பட வரைஞ்சது இந்த ஊர்ல எங்கேயுமே கெடையாதாம். நான் மியூசியத்துக்கே குடுத்துடறேன்னு சொல்லிட்டேன். கண்ணாடிக்குள்ள வெச்சு, கீழே 'வாலாம்பாள் வழங்கியது'ன்னு போடுவாளாம். யோசிச்சுப் பாரேன். முப்பத்தாறு வருஷம் நான் டைப் அடிச்ச ஒரு லெட்டர்லயாவது என் பேர் வந்திருக்குமா? சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து வாங்கிக்கறா. படம் பத்திரமா இருக்கோல்லியோ?"

"இருக்கு மாமி" என்றது நூர் நிஷாவின் வாய்.

பொய்யில்லை. படம் இருந்தது. இடுப்புதான் இல்லை.

போனை வைத்துவிட்டு அவள் ஸ்டூலில் உட்கார்ந்ததைப் பார்த்து ஆறு மிஷினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவள் வேலை நேரத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. விஷயத்தைச் சொன்னாள்.

ஷகீல்தான் முதலில் வாயைத் திறந்தான். "இதுக்கா இம்புட்டு டென்ஷன்? நீங்களே பழையபடி வரைஞ்சிருங்க மாஸ்டர். ஒங்க கைக்கு முடியாத கோடா? அந்த ஆளு எப்பமோ மவுத்தாகிப் போயிருப்பான். எந்திரிச்சு வந்து, 'இது எம் கோடு இல்ல'ன்னு சொல்லவா போறான்?"

"வாய மூடிட்டுக் காலர அடிலே."

"நல்லதுக்குத்தான் சொல்லுதேன். ஜானே தோ, விட்டுத் தள்ளுங்க."

ஆனால் அவன் சொன்னது அவள் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. சாயங்காலம் எல்லாரும் டீக்குக் கீழே இறங்கியதும், படத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடி மேசைக்குப் போனாள். அடியில் டியூப்லைட் எரியும் மேசை அது. துணியில் ஓட்டை, இழை விட்ட இடம் இருந்தால் அதில் விரித்துப் பார்ப்பார்கள். படத்தைக் கண்ணாடியில் வைத்து லைட்டைப் போட்டாள். ரப்பர் பட்ட இடம் மெலிந்து பளிச்சென்று தெரிந்தது. போனின் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். பென்சில் அழுந்திய பழைய பள்ளம் நிழலாக எழுந்து வந்தது. அதன்மேலேயே ஓட்டிவிட்டால் முடிந்தது. பென்சிலைச் சீவிக்கொண்டு குனிந்தாள்.

பள்ளம் ஒன்று மட்டும் இல்லை.

அவள் அழித்த கோட்டுக்கு மேலே ஒன்று. அந்தக் கோட்டுக்குக் கீழே, ஒரு விரல் தள்ளி, இன்னொன்று. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் இடுப்புப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு வளைவு. மூன்றையும் யாரோ அவளுக்கு முன்னாலேயே ரப்பர் போட்டு அழித்திருந்தார்கள். யாரோ என்ன, வரைந்தவனேதான். பாரிஸில் உட்கார்ந்துகொண்டு அந்த மனுஷனும் இடுப்பை ஏற்றி வைத்து, இறக்கி வைத்து, ஒடுக்கி, பிறகு மனசு கேட்காமல் திரும்ப வரைந்திருக்கிறான்.

அவளுக்கு ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. கச்சாவேதான்! ஆனால் அடுத்த நிமிஷமே அது கசந்தது. அவன் படத்தை அவன் அழித்தான். இவள் யார் படத்தை அழித்தாள்?

பென்சில் முனை காகிதத்துக்கு மேலே நின்றது. வாயால் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறாள். "நாளைக்கு ரெடி" என்பதே அவள் தொழிலில் தினமும் பத்துத் தடவை சொல்லுகிற பொய்தான். ஆனால் கோட்டில் பொய் போட்டதில்லை. வாயால் சொன்ன பொய் காற்றோடு போய்விடும். கோட்டில் போட்ட பொய்யை நம்பி எவனாவது துணியை வெட்டுவான்.

"உம்மா, என்ன பண்ணுதீங்க?"

அஸ்ரின் ஏணியில் தலை மட்டும் தெரிய நின்றுகொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து இந்த ஏணியில் தலை இடித்துக்கொள்ளாத ஒரே ஆள் அவள்தான். நூர் நிஷா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லட்டி. சனிக்கெழம மாட்டுங்கா போறேன். காலேல சீக்கிரமே."

"பதினோரு மணிக்குத்தான மியூசியத்துலருந்து வாராங்களாம்? கீழ எல்லாரும் சொன்னாங்க."

"அதான் ஒம்பது மணிக்கே போறேன். மாமிட்ட மொதல்ல நான் சொல்லணும். அந்தப் புள்ள முன்னால வச்சு மாமிக்குத் தெரியப்பிடாது."

"மாமி திட்டுனா?"

"திட்டட்டும். திட்டு வாங்கித்தான தொழில் படிச்சேன்."

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் மாமியின் உடையைத் தானே தைத்தாள். யாரிடமும் தரவில்லை. ஷகீல் இரண்டு தடவை வந்து ஊசி நூல் ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் இரண்டு தடவையும் திரும்பிப் போனான். மூன்றாவது தடவை ஒன்றும் கேட்காமல் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனான். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பதடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் மணி அடித்தாள். கையில் உடை ஒரு பையில், படம் அதே பிளாஸ்டிக் உறையில்.

"இவ்வளவு சீக்கிரமா? வா, உக்காரு, காப்பி கலக்கறேன்" என்றாள் மாமி.

"காப்பி வேண்டாம் மாமி. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்." நின்றுகொண்டே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும். பென்சில் கச்சா, பேனா பக்கா என்பதிலிருந்து இளஞ்சிவப்பு ரப்பர் வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லி, உறையை நீட்டினாள்.

வாலாம்பாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, சமையலறைக்குள் போனாள். உள்ளே பாத்திரங்கள் பேசின. டபராவை வைக்கிற சத்தத்திலேயே மாமியின் கோபம் எத்தனை டிகிரி என்று தெரிந்தது. நூர் நிஷா சுவரோரமாக நின்றாள். திட்டியிருந்தால் தேவலை. இந்தப் பாத்திரச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை.

கால் மணி கழித்து மாமி இரண்டு டபராவோடு வந்தாள். ஒன்றை நூர் நிஷாவின் கையில் திணித்தாள்.

"ஏன் அழிச்சே? எனக்கு அவ்வளவு ஒடம்பா?"

"ஒங்களுக்கு ஒண்ணுமில்ல மாமி. அவளுக்குத்தான் இடுப்பே இல்ல."

மாமியின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா, அழுகையா என்று பிடிபடவில்லை. "பதிமூணு வருஷம் பீரோவுக்குள்ள வெச்சிருந்தேன். வெயில் படாம, கரையான் படாம. ஒரு ரப்பர் வந்து…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "நீ சொல்லாம இருந்திருக்கலாமே. என் கண்ணுக்கு இது தெரிஞ்சிருக்காதே."

"அந்தப் புள்ள கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒங்க பேருல்ல கெட்டுப் போயிருக்கும்."

மாமி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோரு மணி என்று காத்திருந்தால், பத்தரைக்கே வாசல் மணி அடித்தது.

"வந்துட்டா. நீ வாயைத் தெறக்காதே. நான் பேசிக்கறேன்" என்றாள் மாமி.

பூமாரிக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். திலக் நகரிலிருந்து வந்திருந்தாள். முதுகில் பெரிய பை, கையில் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கண் மேசைக்குப் போய்விட்டது. அவள் உட்காருவதற்குள் மாமி ஆரம்பித்துவிட்டாள்.

"பூமாரி, முன்னாடியே சொல்லிடறேன். இடுப்புல ரப்பர் போட்டிருக்கு. நான்தான் போடச் சொன்னேன். எனக்கு வேணும்னு சொன்னேன். இவளை ஒண்ணும் சொல்லாதே."

"இல்ல" என்றாள் நூர் நிஷா. "மாமி பொய் சொல்றாங்க. அவங்களுக்குத் தெரியவே தெரியாது. நான்தான் அழிச்சேன்."

"வாயைத் தெறக்காதேன்னேனா இல்லையா?"

"எதுக்கு மாமி என் தப்ப நீங்க எடுத்துக்குறீங்க?"

"என் படம், என் தப்பு. ஒனக்கென்ன?"

பூமாரி இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "இருங்க, இருங்க. ரெண்டு பேரும் சண்டைய அப்புறம் போடுங்க. மொதல்ல நான் பாத்துக்கிடுதேன்." பேச்சில் திருநெல்வேலி எட்டிப் பார்த்தது. நூர் நிஷாவுக்கு அந்த ஒரு சொல்லில் பாதி மூச்சு வந்தது.

பூமாரி கையுறையை மாட்டிக்கொண்டாள். ஒரு சின்ன டார்ச்சைக் காகிதத்துக்குச் சாய்வாகப் பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். சுவர்க் கடிகாரம் நடக்கிற சத்தம் கேட்டது. மாமியின் கை நூர் நிஷாவின் முழங்கையைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தாள் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

"இங்க நெறைய தடவ அழிச்சிருக்கே" என்றாள் பூமாரி நிமிராமல்.

"மூணு" என்றாள் நூர் நிஷா. "என்னோடது நாலாவது."

பூமாரி நிமிர்ந்தாள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன். வரைஞ்சவரு மொதல்ல இடுப்ப இங்க வச்சிருக்காரு, நெஞ்சுக்குக் கீழ." காகிதத்தைத் தொடாமல் அரை அங்குலம் மேலே விரலை ஓட்டிக் காட்டினாள். "அப்படி வச்சா இந்த மெல்லிசுத் துணிக்குப் பாவாட பறக்கும், நிக்காது. அதான் கீழ எறக்கியிருக்காரு. எறக்கினா காலு குட்டையாத் தெரியும். அப்புறம் நடுவுல வந்து, ரொம்பச் சின்னதாக்கிட்டு, மறுபடியும் கொஞ்சம் விட்டிருக்காரு. கடைசியா அவரு வச்ச எடந்தான் நான் அழிச்சது. அவருக்கே அது சரிப்படலைன்னு நெனைக்கேன். இந்தா, இந்த மடிப்பு மட்டும் இடுப்போட ஒட்டல பாருங்க."

பூமாரி டார்ச்சை மறந்துவிட்டாள். "திரும்பச் சொல்லுங்க, மெதுவா" என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்துவிட்டு முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

"நான் உள்ளதச் சொல்லிருதேன். நீங்க பண்ணது தப்பு. அந்தக் கடைசிக் கோடு போனது போனதுதான், யாராலயும் கொண்டுவர முடியாது. இனிமே பழைய காகிதம் எதுலயாவது கைய வச்சீங்க, நானே தாராவிக்கு வந்துருவேன்."

"வைக்க மாட்டேன். அல்லா மேல ஆணையா."

"ஆனா நீங்க அதத் திரும்ப வரைஞ்சு மூடியிருந்தீங்கன்னா, இத நான் வாங்கியிருக்கவே மாட்டேன். எது அவரு கோடு, எது ஒங்க கோடுன்னு தெரியாமப் போயிருக்கும். இப்பத் தெளிவா இருக்கு. இது ஒரு வேலைக்குன்னு அனுப்புன படம். எழுவது வருஷம் கழிச்சு அந்த வேல நடந்திருக்கு. அதையும் எழுதி வச்சுக்கிடலாம். ஒங்க பேரு, தேதி, என்ன பென்சில், என்ன ரப்பர், எல்லாம் சொல்லுங்க. படத்தோட கூடவே இருக்கும்."

"அப்ப வாங்கிக்கறியா?" என்றாள் மாமி. குரல் சின்னப் பிள்ளை குரலாகியிருந்தது. "என் பேர்?"

"ஒங்க பேரு கண்ணாடிக்குள்ள. இவங்க பேரு ஃபைலுக்குள்ள."

நூர் நிஷா அப்போதுதான் உட்கார்ந்தாள். ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். அதைவிட ருசியான காப்பியை அவள் குடித்ததில்லை. மாமி போட்டதில் அன்றைக்குச் சர்க்கரையே இல்லை என்பது வேறு விஷயம். கோபத்தில் மறந்துவிட்டாள்.

"பென்சில் எச்.பி." என்றாள். "ரப்பர் என் மகளோடது. பிங்க் கலரு."

"கம்பெனி?"

"தெரியாது. மோந்து பாத்தா ஸ்ட்ராபெரி மணம் வரும்."

பூமாரி பேனாவை நிறுத்திவிட்டு, குனிந்து காகிதத்தை மோந்து பார்த்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அதையும் எழுதினாள். அந்த மியூசியத்தின் ஃபைல்களில் ஸ்ட்ராபெரி என்கிற சொல் அதற்கு முன்னால் வந்திருக்கச் சந்தர்ப்பமில்லை.

இரண்டு பேரும் படத்தின் மேல் குனிந்துவிட்டார்கள். பாவாடையின் விரிப்புக்கு எத்தனை துண்டு, கழுத்தை எப்படி வெட்டினால் தோளில் நிற்கும் என்று நூர் நிஷா சொல்லச் சொல்ல, பூமாரி எழுதிக்கொண்டே போனாள். நடுவில் மாமி பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனதை யாரும் கவனிக்கவில்லை. கதவு சாத்திய சத்தம் கேட்டது. ஏதோ கீழே விழுகிற சத்தம். "ஒண்ணுமில்லே, நாற்காலி" என்று உள்ளேயிருந்து குரல்.

"இந்தக் கை எதுக்கு முழங்கையத் தாண்டி நிக்கி?" என்று கேட்டாள் பூமாரி.

"வளையல் தெரியணும்ல."

"அவங்க ஊர்ல வளையல் போடுவாங்களா?"

"போடாட்டா நமக்கென்ன. மாமி போடுவாங்கள்ல?"

"அந்தக் காகிதத்தை விட்டுட்டு ரெண்டு பேரும் இங்கே பாக்கறேளா இல்லையா!"

திரும்பினார்கள். உள்ளறை வாசலில் வாலாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளை வாயில் துணி, தோளிலிருந்து தோளுக்குக் கழுத்து, கையில் நான்கு தங்க வளையல், காலில் வழக்கமான ரப்பர் செருப்பு. ஜன்னல் பக்கமிருந்து வந்த காற்றில் பாவாடை லேசாக அசைந்து, பறக்காமல், திரும்ப வந்து நின்றது. கழுத்தில் கண்ணாடி தொங்கியது. எழுபது வயதிலும் வெட்கத்தில் முகம் சிவந்திருந்தது.

"எப்படி இருக்கு? பொய் சொல்லப்படாது."

நூர் நிஷா எழுந்து போய், வழக்கம்போல முதலில் தோளைப் பார்த்தாள், முதுகுத் தையலைப் பார்த்தாள், ஒரு சுற்றுச் சுற்றி வந்து இடுப்பில் இரண்டு கையையும் வைத்துப் பார்த்தாள். இழுப்பும் இல்லை, தொய்வும் இல்லை.

"சரியா உக்காந்திருக்கு மாமி" என்றாள்.

"மூச்சு விடலாமோ?"

"நல்லா விடுங்க."

மாமி விட்டாள். தையல் ஒன்றும் தெறிக்கவில்லை.